வாசுகிக்கு யார் பொருத்தம்

— நீ என்னதான் எழுது, அவ அந்த வாத்தியாரக் கட்ட மாட்டா.

— எவ, எந்த வாத்தியார? காலங்காத்தால யாரப் பத்திம்மா பேசுற? கத்திரியப் பாத்துப் போடு, நல்ல பழத்தையும் சேத்து நறுக்குற.

— வாசுகியச் சொல்றேன். முப்பத்தோராம் அத்தியாயத்துல மோதிரம் வாங்கிட்டு வந்து நிக்கிறாருல்ல ரகுநாதன் சாரு, அவரச் சொல்றேன்.

— அம்மா… அது டிவில வரவே இல்லையே. அந்தச் சீரியல்தான் பொங்கலோட முடிஞ்சு போச்சே.

— டிவில வரல, போன்ல வருது. ‘வாசுகிக்கு ஒரு வாசல்’. எழுதுறது யாரோ ‘மேகமலை மைனா’வாம். அந்த மைனா இங்கன, எனக்கு எதுத்தாப்புல, பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து பன்னீர் திராட்சையில கெட்ட பழத்தக் கழிச்சுக்கிட்டு இருக்கு.

— ஐயோ மாதாவே!

— மாதா என்ன பண்ணுவாக? கை வேலையப் பாக்கட்டும், வாய் பேசட்டும். பத்து மணிக்கு வண்டி வந்துரும். இன்னும் பதினெட்டுப் பெட்டி கெடக்கு.

— யாரு உனக்குச் சொன்னது? யுவராணி அக்காவா?

— யுவராணிக்கு எழுதுறது நீன்னே தெரியாது. போன கவாத்து வெட்டுறப்ப பந்தலுக்குக் கீழ போன வச்சு கதையப் போட்டுவிட்டா. அதுவா வாசிக்கும்ல, ஒரு பொம்பளை குரல்ல, மூக்கடச்ச மாதிரி. பன்னெண்டு பேரும் அண்ணாந்து கொடிய வெட்டிக்கிட்டே கேட்டோம்.

— பன்னெண்டு பேரா? நல்லா இருந்துச்சாமா?

— பாத்தியா, பயந்து முடிக்கல, அதுக்குள்ள பாராட்டு வேணும்! கேளு. மூணாவது அத்தியாயத்துல வாசுகி கருவாட்டுக் குழம்பு வைக்கிறா. மாங்காயப் போட்டு, எறக்குறப்ப ஒரு துண்டு வெல்லம் போடுறா. ராயப்பன்பட்டி பூராவும் தேடுனாலும் அத ஒரே ஒரு வீட்டுலதான் போடுவாக. என் கையில இருந்த கத்திரி அப்படியே நின்னு போச்சு.

— நாலு மாசமாத் தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்த?

— நீயும்தான் எட்டு மாசமா சும்மா இருந்த. ராத்திரி லைட்டப் போட்டுக்கிட்டு ‘பரிச்சைக்குப் படிக்கிறேம்மா’ன்னியே. காலேஜ் முடிச்சு ரெண்டு வருசமாச்சேன்னு எனக்கும் தோணத்தான் செஞ்சது.

— பேங்க் பரிச்சைன்னு சொன்னேன்ல.

— பேங்க்குல வாசுகிக்கு மாப்பிள்ளை பாக்குறாகளாக்கும்.

— சிரிக்காத. கோவம் வரலையா உனக்கு?

— மொதல்ல வந்துச்சு. அந்த வாசுகி யாரோ பெத்த பிள்ளை. டிவிக்காரக கடைசி நாளு அவள செத்த புருசன் போட்டோவுக்கு முன்னால நிக்க வச்சு, மாலையப் போட வச்சு, வெளக்கேத்தி, முடிஞ்சதுன்னு போட்டுட்டாக. அப்புறம் இவ யாரு அவள இழுத்துட்டுப் போயி கல்யாணம் பேசுறதுக்குன்னு நெனச்சேன்.

— அப்புறம்?

— அப்புறம் ரெண்டு வரிசை வெட்டி முடிக்கிறதுக்குள்ள கோவம் போயிருச்சு. நாப்பத்தி ரெண்டு வயசு, மெஸ் நடத்துறவ, கையில தெம்பு இருக்கு. அவளப் போட்டோவுக்கு முன்னால நிறுத்திட்டு லைட்ட அமத்திட்டுப் போயிட்டாக. பெத்தவக அப்படி விட்டுட்டா யாராச்சும் எடுத்து வளக்கத்தான வேணும்.

— அம்மா! இதையேதான் நாங்க ரசிகர் குரூப்புல சொல்றோம். இத அப்படியே ஒரு கமென்ட்டா போடேன்.

— இரு இரு. வளக்குறது சரி. வளத்து அந்த வாத்தியாருக்குக் குடுக்குறதுதான் சரியில்ல.

— ரகுநாதன் சாருக்கு என்ன கொறை? படிச்சவரு, பொறுமையானவரு, வாசுகிக்குக் கவிதையெல்லாம் சொல்றாரு. ஓட்டு வச்சேன்ல, நூத்துக்கு அறுவத்தோரு பேரு ‘வாசுரகு’தான்.

— வாசுரகுன்னா?

— வாசுகியும் ரகுவும். ஜோடிக்குப் பேரு. இந்தப் பக்கம் ‘வாசுமாறன்’.

— அவன்தான் அவன்தான், காய்கறி லோடு கொண்டாந்து போடுற மாறன். அவன்தான் அவளுக்குச் சரி.

— போச்சு! நீயும் அந்தக் கோஷ்டியா? அம்மா, மாறனுக்கு முன்னூத்தி இருவது எபிசோடுல மொத்தமே பதினோரு வசனம். குரூப்புல உக்காந்து எண்ணிருக்கோம். அதுல நாலு, ‘இன்னைக்கு முருங்கக்கா வரல.’

— மிச்சம் ஏழு?

— ‘சரிங்க’ மூணு. ‘கோசு ரெண்டு மூடைதான்.’ ‘மழை வரும் போல.’ ‘வர்றேங்க.’ எத்தனையாச்சு, பத்தா?

— கடைசி ஒண்ணச் சொல்லு.

— மெஸ்ஸுக்குள்ள வெள்ளம் வந்தன்னைக்கு. ‘நீங்க போயிப் படுங்க. நான் இங்கனதான் நிப்பேன்.’

— போதாதா ஒரு ஆம்பளைக்கு? அந்த வாத்தியாரு வெள்ளம் வடிஞ்சப்புறம் வந்து மழையப் பத்தி ஒரு பக்கம் பேசுனாரு. அதுவும் குடையோட.

— நீ ரொம்ப மோசம். அவரு அக்கறையான ஆளு. வாசுகி மெஸ் போர்டுல தப்பா எழுதுனத எத்தனை தடவ அழிச்சு சரியா எழுதிக் குடுத்துருக்காரு!

— அதத்தான் நானும் சொல்றேன். சாப்பிட வந்த ஆளு சாப்பிட்டுப் போகணும். சாக்பீஸு கேக்கக் கூடாது.

— உனக்குப் படிச்சவகன்னாலே ஆகாது.

— உன்ன எம்.காம் வரைக்கும் படிக்க வச்சது எதுத்த வீட்டுக்காரியா? படிப்ப நான் சொல்லலடி. அவ எப்படி இருக்காளோ அப்படியே அவளப் பாக்குற ஆளு வேணும். ரகுநாதன் சாருக்கு வாசுகி ஒரு பரிச்சை பேப்பரு. செவப்பு மையில திருத்திக்கிட்டே இருப்பாரு. மாறன் சாப்பிட்டு முடிச்சு, தட்ட அவனே கழுவி வச்சுட்டு, ‘உப்பு கம்மி’ன்னா ‘உப்பு கம்மி’ன்னு சொல்லிட்டுப் போவான்.

— தட்டு கழுவுறது சீரியல்ல வரல. அது நான் எழுதுனது.

— நீ எங்கருந்து எடுத்த?

— அது ஒரு வாசகி சொன்னாக. அவக கதைய நீ கேக்கணும். ‘செவ்வந்தி’ன்னு பேரு. மதுரைப் பக்கம் யாரோ வயசான அம்மா போல. மாறனுக்காக என்கிட்ட ஒத்தையா நின்னு சண்டை போடுறாக. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழ பத்து வரி.

— வயசானவகன்னு எப்படிச் சொல்ற?

— புள்ளியே வைக்க மாட்டாக. மூச்சு விடாம எழுதுவாக. ஆனா நல்லா சொல்லுவாகம்மா. வாசுகிக்கு ஒத்தத் தலைவலி வரும்ல, வந்தா எந்தச் சத்தமும் ஆகாது. இவக எழுதுனாக, ‘தலைவலி அன்னைக்கு மாறன் மேட்டுலயே எஞ்சின அமத்திட்டு வண்டிய சத்தமில்லாம உருட்டிக்கிட்டே வாசலுக்கு வருவான் ஹாரன் அடிக்க மாட்டான்’னு. நான் அத எடுத்து பத்தொன்பதாம் அத்தியாயத்துல வச்சேன். நாலாயிரம் பேரு ஹார்ட் போட்டாக. இன்னைய வரைக்கும் என் கதையிலயே பெரிய எடம் அதுதான்.

— அப்படிப் போட்டவ, அந்தச் செவ்வந்திக்கு ஒரு நன்றி எழுதுனியா?

— ‘நன்றி செவ்வந்தி அம்மா’ன்னு போடணும்னு நெனச்சேன். அந்த வாரம் ராக்கப்பன் மாமா வீட்டு விசேசம், மறந்து போச்சு.

— நானும் ரெண்டு நாளு எடுத்து எடுத்துப் பாத்தேன். போடவே இல்ல.

— எங்க பாத்த? அம்மா! நீயா? செவ்வந்தி நீயா?

— யுவராணிதான் பேரு போட்டுக் குடுத்தா. ‘என்ன பேரு போடணும் செபஸ்தியக்கா’ன்னா. வாசல்ல செவ்வந்தி பூத்துக் கெடந்துச்சு. அதையே போடுன்னேன். வயசானவளாம், வயசானவ! நாப்பத்தியாறுதான்டி ஆகுது எனக்கு.

— இருபத்தெட்டாம் அத்தியாயத்துல ‘இந்த எழுத்தாளருக்கு ஆம்பளைகளப் பத்தி ஒண்ணுந் தெரியல சின்னப் பிள்ளை போல’ன்னு எழுதுனது?

— நான்தான். தெரியலதானே?

— அன்னைக்கு நான் சோறு திங்காம படுத்துக் கெடந்தேன். நீ வந்து ‘என்ன ஆத்தா, வயித்த வலியா’ன்னு சோடா ஊத்திக் குடுத்த!

— எழுதிப்புட்டோமேன்னு மனசு கேக்கல. அதான் ஊத்திக் குடுத்தேன்.

— உன்ன என்ன சொல்றதுன்னே தெரியல. தலையில எதுக்குத் துண்டு? மறுபடி தலைவலியா?

— விடியக்கால புடிச்சுச்சு. இப்ப பாதி விட்டுருச்சு. அந்தப் பெட்டிக்கு அடியில பேப்பர் போடல பாரு. காம்ப மேல வச்சு அடுக்கு, பழம் மேல கை படக் கூடாது, மேல பூத்திருக்குற சாம்பல் அழிஞ்சு போயிரும்.

— தெரியும், தெரியும். இந்தக் கொத்துல வெடிச்ச பழம் நெறைய இருக்கு. அம்மா, நெசமா ஒண்ணு கேக்கேன், இப்படி எழுதுறது தப்புன்னு நெனைக்கிறியா? உள்ளதச் சொல்லு.

— இல்ல ஆத்தா. பந்தலுக்குக் கீழ கை ஓஞ்சு போறப்ப உன் கதைய வச்சுத்தான் மத்தியானம் வரைக்கும் ஓட்டுனோம். யுவராணி வாசுரகு, நான் வாசுமாறன். ஒருநா அவ கோவத்துல என் தூக்குவாளிய எட்டி வச்சுட்டா. முத்துப்பேச்சி மட்டும் ‘ரெண்டு பேரும் வேணாம், மெஸ்ஸ பெருசாக்கட்டும்’னா. அதுவும் சரிதான்னு அன்னைக்குப் பூரா பேசுனோம்.

— முத்துப்பேச்சி அக்கா அப்படிச் சொன்னாகளா? அதுக்கும் ஒரு கோஷ்டி இருக்கு, ‘தனிவாசுகி’ன்னு. ஆனா சில பேரு எல்லை தாண்டிருவாக. அந்த ரகுவா நடிச்சவரும் வாசுகியா நடிச்சவகளும் நெசத்துலயே கட்டிக்கிடணும்னு படத்த ஒட்டி வச்சுப் போடுறாக.

— அது தப்பு. அவகளுக்கு வீடு வாசல், புருசன் பொண்டாட்டி இருக்கும். கதையில உள்ளவகள என்ன வேணாலும் பண்ணு. உசுரோட நடமாடுறவகள நம்ம இஷ்டத்துக்கு ஜோடி போடக் கூடாது.

— கரெக்ட். நானும் குரூப்புல அதத்தான் சொன்னேன். ரூலே போட்டுட்டோம்.

— ரூலு போட்ட ஆளு ரூல மீறலாமா?

— நான் என்ன மீறுனேன்?

— ரகுநாதன் சாரு சீரியல்ல குர்தாவுல வருவாரு. உன் கதையில மட்டும் எப்படி வெள்ளச் சட்டைக்கு மாறுனாரு? பையில ரெண்டு பேனா, நீலம் ஒண்ணு, செவப்பு ஒண்ணு. டிவிஎஸ் வண்டி. பேசுறதுக்கு முன்னால ‘அதாவது’ம்பாரு. யாரது?

— பொதுவா… வாத்தியார்னா அப்படித்தான இருப்பாக.

— இமானுவேல் சாரு. சின்னமனூருல இருந்து நம்மூருப் பள்ளிக்கூடத்துக்கு வாரவரு. அவரு தங்கச்சி ஈஸ்டர் முடிஞ்ச வாரம் நம்ம வீட்டுக்கு வந்து, காப்பி குடிச்சுட்டு, ‘அண்ணன் தனியா இருக்காரு, நீங்களும் தனியா இருக்கீக’ன்னுட்டுப் போனாளே. அதுக்கு அடுத்த வாரந்தான் உன் வாத்தியாருக்குப் பேனா மொளச்சுச்சு.

— கண்டுபிடிச்சுட்டியா?

— பந்தல்ல கேட்ட அன்னைக்கே.

— சரி, ஒத்துக்கிடறேன். நேரா கேட்டா நீ எந்திரிச்சுப் போயிருவ. ஒரு தடவ செல்வி சித்தி இந்தப் பேச்ச எடுத்ததுக்கு மூணு மாசம் அவக வீட்டுப் பக்கம் போகல நீ. அதான் ரெண்டு மாசமா உன் போன்ல அந்த ஆப்ப ஏத்தி வச்சு, ‘நல்ல கதையெல்லாம் இருக்கும்மா, படி’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒன்னாந் தேதி நான் கொச்சிக்கு வேலைக்குப் போகணும். உன்ன இந்த வீட்டுல ஒத்தையா விட்டுட்டு எப்படிம்மா போவேன்?

— அதுக்கு என்னய ஒரு பரிச்சை பேப்பரா கட்டிக் குடுத்துரலாம்னு பாத்தியாக்கும்.

— அவரு நல்லவரும்மா.

— நல்லவருதான். ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா அவரு வந்து உக்காந்தா நான் முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு, வார்த்தையத் தேடிக்கிட்டு இருக்கேன். வீட்டுக்கு யாரோ அதிகாரி வந்த மாதிரி. அவரு போனப்புறந்தான் எனக்கு மூச்சு வருது. அப்படி ஒரு ஆளோட எத்தனை வருசம் உக்காந்திருக்க முடியும்?

— இத எங்கிட்ட சொல்லிருந்தா நான் எழுதிருக்கவே மாட்டேனே.

— சொன்னேனே. பத்துப் பத்து வரியா, புள்ளி வைக்காம சொன்னேனே.

— சிரிக்க வைக்காத, எனக்கு அழுகை வருது. சரி, இமானுவேல் சார் வேணாம். விட்டுர்றேன்.

— வாசுகிக்கும் வேணாம்.

— அது வேற கதைம்மா! இன்னைக்கு சாயந்தரம் கடைசி அத்தியாயம் போடணும். அறுவத்தோரு பேரு ரகுன்னு ஓட்டுப் போட்டிருக்காக. நான் மாறன வச்சா என்னய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாக.

— ஓட்டுப் போட்டு மாப்பிள்ளை எடுக்க அது என்ன பஞ்சாயத்துத் தேர்தலா? வாசுகிகிட்ட கேளு. உனக்குள்ள அவ இருக்காள்ல, கேளு.

— கேட்டா… நீ சொன்ன அந்த மூச்சு வருதுன்ற பேச்சு இருக்கே, அத அவ சொல்ற மாதிரிதான் இருக்கு. எழவு, முப்பத்தோரு அத்தியாயமும் வீணாப் போச்சு.

— வீணாகல. மோதிரத்த வாங்காம, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிருவா. அவரு புரிஞ்சுக்கிடுவாரு. படிச்சவருல்ல.

— அப்புறம் மாறன் வண்டில வந்து எறங்குறான். ‘இன்னைக்கு முருங்கக்கா வந்திருக்கு’ங்கிறான். பன்னெண்டாவது வசனம்! அம்மா, இது நல்லா வரும் போல இருக்கே. அவளும் சிரிச்சுக்கிட்டே ‘வாங்க உள்ள’ன்னு…

— அங்கன நிறுத்து. உடனே உள்ள கூப்பிடக் கூடாது. உன் கதையிலயே பெரிய ஓட்டை அதுதான். எத்தனை தடவ எழுதுனேன், நீ கண்டுக்கிடவே இல்ல.

— எந்த ஓட்டை?

— இனியா. ஹாஸ்டல்ல இருக்குற அவ மக. முப்பத்தோரு அத்தியாயத்துல வாசுகி அவ மககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல உன் கூட்டாளி பெனிட்டாவுக்கு ரெண்டாம் ஓலை வாசிக்கிறாக. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு மூணு வாரம் ஊருக்கே கேக்குறாக. பெத்த பிள்ளைகிட்ட ஒரு தடவ கேக்க வேணாமா?

— அதுவும் சரிதான். வாசுரகு கோஷ்டிக்கும் இது பிடிக்கும். அழுக சீனு. சரி, வாசுகி ஹாஸ்டலுக்குப் போறா. கேக்குறா. இனியா என்ன சொல்லுவா?

— எங்கிட்ட கேட்டா? எழுதுறவ நீ. நீ சொல்லு.

— இரு, யோசிக்கேன். அந்தக் கத்திரியக் குடு, இது மழுங்கிப் போச்சு. ஓலைன்னதும் ஞாபகம் வருது, கம்பெனிக்கு அனுப்ப சர்டிபிகேட் ஃபைல எடுத்தேன், அதுல அப்பாவோட டெத் சர்டிபிகேட் மட்டும் காணோம்.

— என்கிட்ட இருக்கு. பங்குச் சாமியார் கேட்டாரு.

— எதுக்கு, நினைவுப் பூசைக்கா? ஒன்பதாம் வருசத்துக்கு இந்தத் தடவ பெருசா வைக்கிறாகளா?

— நீ இனியாவச் சொல்லு.

— அவளுக்கு மொதல்ல கோவம் வரணும். இல்லைன்னா பொய்யாத் தெரியும். ‘அப்பாவ மறந்துட்டியாம்மா’ன்னு கேக்கணும்.

— கேப்பாளா?

— கேப்பா. வாசல் வரைக்கும் போயிருவா. அப்புறம் திரும்பி வருவா. வந்து… ‘இல்லம்மா, நீ அப்பாவ மறந்துருவியோன்னு எனக்குப் பயமில்ல. மறக்க மாட்ட. நான் ராத்திரி போன் பண்ணுறப்ப சாப்பிட்டேன்னு பொய் சொல்லுவியே, அந்தப் பயந்தான். ஒத்த ஆளுக்கு எதுக்கு ஒலை வைக்கணும்னு மோர ஊத்திக் குடிச்சுட்டுப் படுத்துக்கிடுவ. எனக்குத் தெரியும். உனக்கு எதுத்தாப்புல இன்னொரு தட்டு இருந்தாப் போதும். அது யாரு தட்டுன்னு நீயே பாத்துக்க. நான் லீவுக்கு வாரப்ப மூணாவது தட்டு எடுத்துட்டு வாரேன்.’ எப்படி இருக்கு?

— அந்தக் கொத்த இங்க குடு.

— அம்மா? நல்லா இல்லையா? ரொம்ப நாடகமா இருக்கோ?

— நல்லா இருக்கு. அப்படியே எழுது. ஒரு வார்த்தையும் மாத்தாத.

— அப்புறம் எதுக்கு அந்தக் கொத்த அப்படிப் பிய்ச்சு வச்சிருக்க? நல்ல பழத்தப் பூராவும் கழிச்சுட்ட, கையில வெறும் காம்புதான் இருக்கு பாரு!

— அட ஆமா. கவனிக்கல.

— அழுகுறியா?

— இல்லடி. அந்தப் பிள்ளை யாருன்னாலும் சரின்னுதான சொல்றா? மாறன்னாலும்?

— மாறன்னாலும். படிப்பு இல்ல, பேச்சு இல்ல, பழைய குட்டியானை வண்டி ஒண்ணு. ஆனா வெள்ளம் வந்தா அங்கனயே நிக்கிற ஆளு. இனியாவுக்கு அது போதும்.

— உனக்கு?

— எனக்கும் போதும்னுதான் வச்சுக்க. தோத்துட்டேன் போ. செவ்வந்தி அம்மா ஜெயிச்சுட்டாக. கடைசி அத்தியாயத்துக்கு மேல உன் பேரப் போட்டு நன்றி சொல்லிர்றேன். போதுமா?

— போதும் ஆத்தா. வயிறு நெறஞ்சு போச்சு.

— எல்லாப் பெட்டியும் ஆச்சு. மணி பத்தே கால். பீட்டர்ராஜ் மாமா வண்டிய இன்னும் காணோமே? எப்பவும் டாண்ணு பத்துக்கு வந்துருவாரு. போன் போட்டுப் பாரு, கம்பம் மார்க்கெட்டுக்கு நேரத்துக்குப் போகணும்ல.

— போன் வேணாம். அவக வந்து கால் மணி நேரமாச்சு.

— எங்க? நான் இங்கனதான இருக்கேன், சத்தமே கேக்கலையே!

— கேக்காது. எனக்குத் தலைவலின்னு யுவராணி சொல்லிருப்பா. வேலிக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில பாரு. நாம பேசுறது முடியட்டும்னு வண்டியிலயே உக்காந்திருக்காக.

— மேட்டுலயே எஞ்சின அமத்திட்டு… உருட்டிக்கிட்டே… ஹாரன் அடிக்காம… அம்மா, இது என் பத்தொன்பதாம் அத்தியாயம்!

— உன்னதுதான். நான் பாத்தத எழுதி அனுப்புனேன், நீ அழகா எழுதிட்ட.

— அந்தத் தட்டு கழுவுறதும்? ‘உப்பு கம்மி’யும்? இரு, இரு. அப்பாவோட சர்டிபிகேட்ட சாமியார் எதுக்கும்மா கேட்டாரு?

— விதவைக்குக் கல்யாண ஓலை வாசிக்கணும்னா அது இல்லாம முடியாதாம். நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள எங்க ரெண்டு பேரு பேரையும் குடுக்கணும், அதனால கேக்கேன், இனியா சொன்ன பதிலையே நான் எடுத்துக்கிடட்டுமா ஆத்தா, இல்ல உன்கிட்ட தனியாக் கேக்கணுமா?